உம் கொட்டிய பண்டிதர்

முன்னொரு காலத்தில் மருதநாடு என்றொரு நாட்டை மாணிக்கவர்மன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்பது ஊருக்குச் சொல்கிற பேச்சு. நாட்டை ஆண்டவர் மந்திரி சதுரானந்தர். ராஜா கதை கேட்டார். இரண்டு வேலையும் ஒழுங்காக நடந்ததால் நாட்டில் ஒரு குறையும் இல்லை.

அரண்மனையில் கதை சொன்னவள் செண்பகவடிவு. அவள் வாயைத் திறந்தால் காவலாளிகூட ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். சபையில் ஒரு பண்டிதருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறென்னவோ. ஊர் வைத்த பேர் பிழைபொறுக்கார். தாலாட்டில் பிழை வந்தால்கூடத் தூங்குகிற குழந்தையை எழுப்பித் திருத்திவிட்டுப் போகிற மனுஷன்!

ஒருநாள் அவர் ராஜாவின் காதில் ஓதினார். "மகாராஜா, அரிசியையும் உளுந்தையும் யாராவது ஒன்றாகக் கலப்பார்களா? கதைகளையும் வகை பிரிக்க வேண்டும். பேய் வந்தால் பயக் கதை. ராஜகுமாரி வந்தால் காதல் கதை. திருடன் வந்தால் துப்புக் கதை. கழுதை வந்தால் சிரிப்புக் கதை. ஒன்றோடொன்று கலக்கவே கூடாது!"

"அரிசியும் உளுந்தும் கலக்காமல் தோசை எப்படி வரும் பண்டிதரே?" என்றார் மந்திரி.

ஆனால் ராஜாவுக்குப் புதுச் சட்டம் என்றால் கொள்ளை ஆசை. "கதையைக் கலப்படம் செய்கிறவர்களை நாடு கடத்துவோம்!" என்று அப்போதே பறை அறையச் சொல்லிவிட்டார்.

நாளுக்கொரு வகை என்று முறை வைத்தார்கள். பயக் கதைக்கான நாள் வந்தது. காலைச் சபையில் செண்பகவடிவு, மாமியாருக்குப் பயந்து புளியமரத்தில் ஏறிக்கொண்ட பேயின் கதையைச் சொன்னாள். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது.

பண்டிதர் துள்ளி எழுந்தார். "பேய்க் கதையில் சிரிப்பு! சட்டம் உடைந்தது!"

செண்பகவடிவுக்குக் கண் கலங்கியது. "இந்த ஊர் வாய்க்கால் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த நாக்கு மகாராஜா. வேற சீமைக்குப் போய் யார் பாஷையில நான் கதை சொல்லுவேன்?"

ராஜாவுக்கும் மனசு சங்கடப்பட்டது. ஆனால் போட்ட சட்டத்தை விழுங்க முடியுமா? "தீர்ப்பு சாயங்காலம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போனார்.

சாயங்காலம் முகம் கடுகடுவென்று வந்து உட்கார்ந்தார். பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ராணி அனுப்பிய அதிரசத்தில் கடைசி ஒன்றை ராஜா தட்டில் மூடி வைத்திருந்தார். தூங்கி எழுந்து பார்த்தால் தட்டு காலி.

மந்திரி எழுந்தார். "மகாராஜா, கதையின் வகை, வருகிற ஆளில் இருக்கிறதா, சொல்கிற விதத்தில் இருக்கிறதா? ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள். செண்பகவடிவு அதையே வகைவகையாகச் சொல்லட்டும். முடியாவிட்டால் அவளோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

"பேய், ராஜகுமாரி, கழுதை எதுவும் வரக் கூடாது!" என்றார் பண்டிதர், இடுப்பைச் சொறிந்துகொண்டே.

"என் அதிரசத்தை வைத்துச் சொல்லட்டும்" என்று உறுமினார் ராஜா.

"ஆகட்டும். உம் கொட்ட ஆளில்லாமல் கதை நகராதே! பண்டிதர் கொட்டட்டும். அவர் உம்மில் இலக்கணப் பிழை வராது" என்ற மந்திரி, செண்பகவடிவின் காதில் ஏதோ கிசுகிசுத்தார்.

அவள் தொடங்கினாள். "நடு மத்தியானம். அரண்மனையில் ஓர் ஈ அசையவில்லை. தட்டில் ஒற்றை அதிரசம். கதவு தானாகத் திறந்தது. ஆளைக் காணோம், ஒரு நிழல் மட்டும் தரையில் ஊர்ந்து ஊர்ந்து…"

"உ…ம்" என்றார் பண்டிதர். ராஜா இரண்டு காலையும் சிம்மாசனத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவள் குரல் குழைந்தது. "மகாராணி தன் கையாலேயே மாவு பிசைந்தார். ராஜா ஒன்றை மட்டும் தின்னாமல் வைத்தார். அதுவும் தீர்ந்துபோனால் மகாராணியின் கைமணமும் தீர்ந்துபோகுமே…"

இப்போது உம் என்ற பெருமூச்சு ராஜாவிடமிருந்தே வந்தது. "மந்திரியாரே, ராணி என்றைக்குத் திரும்பி வருகிறாள்?"

"அடுத்தது துப்புக் கதை" என்றாள் செண்பகவடிவு. "வந்தவனைக் காவலாளிகள் தடுக்கவில்லை. தெரிந்த முகம்."

"உம்."

"ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்."

"உம்."

"அவன் அதிரசத்தை எடுத்தான். அங்கேயே நின்று நிதானமாக மென்று தின்றான்."

"உம்ஹும்! பிழை! முழுப் பிழை!" என்று கத்தினார் பண்டிதர். "அங்கே நின்று எப்படித் தின்ன முடியும்? அப்போதுதானே மகாராஜா புரண்டு படுத்தார்! மடியில் முடிந்துகொண்டு…"

சபை மொத்தமும் பண்டிதரின் மடியைப் பார்த்தது.

மடியை அவிழ்த்துப் பார்த்தார்கள். பாதி அதிரசமும் ஒரு படை எறும்பும் இருந்தன.

"எப்படி ஐயா கண்டுபிடித்தீர்?" என்று மந்திரியைக் கேட்டார் ராஜா.

"காலையில் சொறியாதவர் சாயங்காலம் சொறிந்தார். அதனால் கதையில் ஒரு பிழை வைக்கச் சொன்னேன். உயிரே போனாலும் பிழையைப் பொறுக்கமாட்டாரே! பார்த்தீர்களா மகாராஜா, அதிரசம் ஒன்றுதான். என்ன ஆகுமோ என்று கேட்டால் பயம். சேர்வார்களா என்று ஏங்கினால் காதல். யாரது என்று தேடினால் துப்பு. வகை, கேட்கிறவர் மனசில் கிளம்புகிற கேள்வியில் இருக்கிறது."

"எல்லாம் சரி, சிரிப்புக் கதை பாக்கி இருக்கிறதே?" என்றார் ராஜா.

"கழுதை வரக் கூடாது என்று பண்டிதர் சொல்லிவிட்டாரே!" என்றார் மந்திரி.

ராஜா பண்டிதரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுதான் வந்துவிட்டதே!"

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜா சட்டத்தைக் கிழித்துப் போட்டு, தன் முத்துமாலையைச் செண்பகவடிவுக்குக் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அது எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை.

பண்டிதருக்கும் தண்டனை கிடைத்தது. செண்பகவடிவு சொல்லும் கதைக்கெல்லாம் அவர்தான் உம் கொட்ட வேண்டும். உம்முக்கு மேல் ஓர் எழுத்து பேசக் கூடாது. அவளும் சும்மா இருப்பாளா? கதைக்குக் கதை வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பாள். பண்டிதர் பல்லைக் கடிப்பார், தூணைப் பிடிப்பார், கடைசியில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு "உம்" என்பார்.