மூன்று மணி அறிவிப்பு

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

வெள்ளியந்துறை மீனவர் சங்க அலுவலகத்தில் இருவருக்கும் எதிரெதிர் மேஜை. குருவின் பெயர் ரெஜினா. சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. சீடர் மிக்கேல், முதுகுவலி வந்து கடலுக்குப் போவதை நிறுத்தியவர். ரெஜினாவிடம் ஒரு வருடம் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டார். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை மாமா என்பாள்.

மிக்கேல் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் தினமும் பிற்பகல் மூன்று மணிக்குத் தானாக ஓடும். வானிலைப் பக்கத்தைத் திறக்கும். பத்து வினாடி காத்திருக்கும். கடல் அறிவிப்பைக் காப்பி செய்து, வாசிக்கும் மென்பொருளில் பேஸ்ட் செய்யும். கம்ப்யூட்டரின் பெண்குரல் அதைக் கரை முழுக்க ஒலிபெருக்கியில் வாசிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் நாலு மணிக்கு வள்ளங்கள் கடலில் இறங்கும். மிக்கேலின் இரண்டு மகன்கள் போகும் வள்ளமும் அதில் ஒன்று.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஒலிபெருக்கி இப்படிப் பேசியது:

"வெள்ளியந்துறை மீனவர்களின் கனிவான கவனத்திற்கு. இன்றைய கடல் நிலை. சின்ன வெங்காயம் அரை கிலோ. தேங்காய் ரெண்டு. நேத்து மாதிரி மறந்துட்டு வந்து நின்னு இளிக்காதீங்க. நன்றி."

மிக்கேலுக்கு அவர் மனைவி லூர்து அனுப்பிய செய்தி அது. மருமகனுக்கு அனுப்பி வாங்கச் சொல்லலாம் என்று மத்தியானம் அதே கம்ப்யூட்டரில் காப்பி செய்திருந்தார்.

கரை உருண்டு சிரித்தது. சாயங்காலத்துக்குள் வலை பின்னுகிறவன், ஐஸ் உடைக்கிறவன், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலில்தான் பேசினார்கள். "இன்றைய கடல் நிலை. புளி கால் கிலோ. நன்றி." மிக்கேல் வீட்டில் அன்று வெங்காயமும் இல்லை, பேச்சும் இல்லை.

மறுநாள் காலை மிக்கேல் கேட்டார்.

"டீச்சர், இது இனிமே தப்பே பண்ணாம இருக்க என்ன செய்யணும்?"

"நீங்க என்ன செஞ்சீங்க மாமா?"

"பக்கம் திறக்க லேட் ஆயிட்டு. காலியா கிடந்த இடத்தில காப்பி பண்ணினா ஒண்ணும் வராதுல்லா? முன்னாடி காப்பி பண்ணினது அப்படியே கிடந்திருக்கு. அதை எடுத்து வாசிச்சிட்டு. இப்போ பத்து வினாடியை அறுபது ஆக்கியாச்சு."

"அறுபத்தொண்ணாவது வினாடியில திறந்தா?"

"நூத்தி இருபது வைக்கேன்."

"சரி. அந்த வெங்காயத்தை நீங்க காப்பி பண்ணாம இருந்திருந்தா, நேத்து அது எதை வாசிச்சிருக்கும்?"

மிக்கேல் யோசித்தார். "திங்கக்கிழமை அறிவிப்பை."

"அது என்ன?"

"கடல் அமைதி."

"நேத்து வர வேண்டியது?"

"காத்து அறுபது கிலோமீட்டர். கடலுக்குப் போக..." மிக்கேல் நிறுத்திக்கொண்டார்.

"வெங்காயத்தைக் கேட்டவங்க என்ன செஞ்சாங்க?"

"என்னைக் கிண்டல் பண்ணக் கூட்டமா இங்க வந்தாங்க. அப்போ நீங்கதான் பக்கத்தைப் பாத்து, காத்து இருக்கு, இறங்காதீங்கன்னு சொன்னீங்க."

"கடல் அமைதின்னு கேட்டிருந்தா வந்திருப்பாங்களா?"

வாசலுக்கு வெளியே மிக்கேலின் சின்ன மகன் யாரிடமோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது கேட்டது.

"அப்போ எத்தனை வினாடிதான் வைக்கணும் டீச்சர்?"

ரெஜினா வாசலைக் காட்டினாள். "படகுத்துறைக்குப் போய், நீரோட்டம் பாத்துச் சொல்ற லாசர் பாட்டாகிட்ட இன்னைக்கு எப்படின்னு கேட்டுட்டு வாங்க மாமா."

மணல் சுட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு போனவர் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஆளைக் காணோம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காராம்."

"நேத்து என்ன சொன்னாரு?"

"தெக்கே இழுக்குதுன்னாரு."

"அதையே வந்து சொல்லியிருக்கலாமே. நான் நம்பியிருப்பேன்."

"அது எப்படி டீச்சர்?" மிக்கேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னைக்கு அவரைப் பாக்கவே இல்லையே! எம் பிள்ளைங்க இறங்குற கடலு."

"அதனால வெறுங்கையோட வந்து நிக்கிறீங்க."

"வேற எப்படி வர?"

ரெஜினா அவருடைய கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"வெறுங்கையோட வரக் கூடாதுன்னு இதுக்கு யாரு மாமா சொல்லிக் கொடுத்தது?"

மிக்கேல் இரண்டு நாள் திருத்தி எழுதினார். பக்கத்தைத் திறக்கும் முன் பழைய காப்பியை அழித்துவிட வைத்தார். பத்தையும் அறுபதையும் தூக்கி எறிந்தார். பக்கத்தில் இன்றைய தேதி தென்படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தென்பட்டால் வாசிக்கலாம். மூன்றேகால் வரை தென்படாவிட்டால் சொல்ல ஒரு வரி தனியாக எழுதி வைத்தார்.

சனிக்கிழமை மூன்று மணி ஆயிற்று. ஒலிபெருக்கி பேசவில்லை. கரையில் ஆட்கள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றேகாலுக்கு அந்தப் பெண்குரல் வந்தது.

"இன்றைய அறிவிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. சங்கத்தில் கேட்காமல் யாரும் கடலில் இறங்க வேண்டாம். நன்றி."

ஐஸ் உடைக்கிறவன் மூக்கைப் பிடித்தான்.

"எனக்குக் கிடைக்கவில்லை. வெங்காயமும் கிடைக்கவில்லை. நன்றி."

"மிக்கேல் அண்ணே, உம்ம மிஷினுக்கு இன்னைக்கு ஒண்ணுமே தெரியாதாம்லா!" என்றான் வலை பின்னுகிறவன்.

மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். ரெஜினா வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டு, யாரோ சொல்லச் சொல்லக் காற்றின் வேகத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டேன் டீச்சர். இவ்வளவு பாடுபட்டும் இன்னைக்கு ஓடலை."

ரெஜினா போனைக் கையால் பொத்தினாள். அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். மிக்கேலும் திரும்பினார். முப்பது பேர் இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்தபடி படிவரை நின்றார்கள். முன்னால் அவருடைய மகன்கள் இருவரும்.

"ஓடலையா? அப்போ இவங்கள்லாம் வெங்காயம் வாங்கவா மாமா வந்து நிக்கிறாங்க?"