பாதி வால் பொட்டு

அல்லிக் குளத்தில் பொட்டு என்ற தலைப்பிரட்டைக்கு நாலு காலும் முளைத்துவிட்டன. வால் மட்டும் போகவில்லை.

நீந்தினால் கால் தடுக்கியது. தாவினால் வால் இழுத்தது. கரையேறி உட்கார்ந்தால் தவளை மாதிரியும் இல்லை, தண்ணீரில் இறங்கினால் மீன் மாதிரியும் இல்லை. தன் நிழலைப் பார்க்கவே பொட்டுவுக்கு எரிச்சலாக வந்தது.

அவனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. குளத்தின் நடுவே, ஆழமான இடத்தில், ஒரு பெரிய பாறை உண்டு. மழை பிடித்தால் போதும், பெரிய தவளைகள் எல்லாம் அதில் ஏறிக் கச்சேரி வைக்கும். அங்கே போய் உட்கார வேண்டும். தொண்டையை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு ஒரு தடவையாவது "கொர்ர்ர்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பெரியவன்!

ஒரு மழை நாளில் தக்கிமுக்கிப் பாறையில் ஏறியும்விட்டான்.

"டேய், வாலு வந்துட்டான்டா!" என்று ஒரு தவளை கத்தியது. கச்சேரி நின்றது. எல்லாத் தவளைகளும் வயிறு குலுங்கச் சிரித்தன.

நடுவில் அமர்ந்திருந்தவர் கொட்டாவி வித்வான். அந்தக் குளத்திலேயே பெரிய வாய் அவருடையதுதான். பாறையின் உச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களாம்.

"சபையில வாலுக்கு என்ன வேலை?" என்றார் வித்வான்.

"ஐயா, சின்ன வயசுல உங்களுக்கும் வால் இருந்திருக்குமே!" என்றான் பொட்டு.

"எனக்கா? வாலா? நான் பிறக்கும்போதே தவளைடா! வேணும்னா இவங்களையும் கேளு!"

சுற்றியிருந்த தவளைகளும் "ஆமாமாம், எங்களுக்கு ஏது வால்!" என்று தலையாட்டின. அதுதான் அந்தக் குளத்துப் பெரியவர்களின் வழக்கம். ஒருவர்கூடத் தனக்கு வால் இருந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார். வாலைப் பற்றிப் பேசினாலே கௌரவக் குறைச்சல்!

"இறங்கிப் போறியா, இல்ல, வாலை ஒட்ட நறுக்கட்டுமா?" என்று உறுமினார் வித்வான்.

நாம் என்றால் அதைக் கேட்டதும் ஓடியிருப்போம். பொட்டுவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவா ஐயா? நறுக்கிடுங்க! கொஞ்சம்கூட மிச்சம் வைக்காதீங்க!" என்று திரும்பி நின்று வாலைக் காட்டினான்.

பாறையே அதிரும்படி தவளைகள் சிரித்தன. வித்வானுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே உதையில் பொட்டு தண்ணீருக்குள் போய் விழுந்தான்.

விழுந்தவனுக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே யோசித்தான். வாலை நறுக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நறுக்க ஆள்தான் வேண்டும்!

கரையோர வளையில் நறுக்காண்டி என்ற நண்டு குடியிருந்தது. இரண்டு கொடுக்கும் இரண்டு கத்திரிக்கோல். கரையில் எந்நேரமும் ஒரு கொக்கு நிற்கும் என்பதால், வளையை விட்டு அது அதிகம் வெளியே வராது. வாசலிலேயே உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வலை விரிக்கும்.

"மாமா, என் வாலை நறுக்கி விடுவீங்களா?"

"அடடா, அதுக்கென்ன மாப்பிள்ளை! ஒரே வெட்டு, நீ பெரியவன்! கூலின்னு எதுவும் வேண்டாம். வெட்டின வாலை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போ. நானே கூட்டித் தள்ளிக்கிறேன்."

இவ்வளவு நல்ல மாமாவா என்று பொட்டு உருகிப்போனான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். நறுக்!

வலி உச்சந்தலை வரைக்கும் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பாதி வால்தான் போயிருந்தது.

"மீதியை நாளைக்கு வெட்டிக்கலாம். ஒரேயடியாப் பெரியவனானா உடம்பு தாங்காதுப்பா!" என்றது நறுக்காண்டி. உண்மை என்னவென்றால், அன்று காலையில்தான் அது ஒரு கொழுத்த நத்தையை விழுங்கியிருந்தது. வயிற்றில் இடமில்லை.

மறுநாள் பொட்டுவுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அப்படி ஒரு பசி! பாசியைச் சுரண்டப் போனான். பாசி சுரண்டும் குட்டிப் பல்லெல்லாம் எப்போதோ உதிர்ந்திருந்தது. கொசுவைப் பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தான். கொசு பிடிக்கிற நாக்கு இன்னும் வளரவே இல்லை. கொசு அவன் மூக்கின்மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுப் பறந்து போயிற்று.

அவனுடைய அக்கா சுழி, அவனுக்குக் கொஞ்சம் முன்னால் முட்டையிலிருந்து வெளியே வந்தவள், அந்தப் பக்கம் உற்சாகமாகத் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னடா தம்பி, வதங்கின அல்லித்தண்டு மாதிரி கிடக்கிறே?"

"பசிக்குதுக்கா. நீ என்ன சாப்பிட்டே?"

சுழி யோசித்தாள். "ஒண்ணுமே சாப்பிடலையே! ரொம்ப நாளா வாய் இப்படிக் கோணிக்கிட்டுதான் இருக்கு. ஆனா பசியே எடுக்கல!"

பொட்டு அவளைச் சுற்றி வந்து பார்த்தான். அலறினான்.

"அக்கா! உன் வால்ல பாதியைக் காணோம்!"

சுழி திரும்பிப் பார்த்தாள். மெய்தான்! வெட்டின தழும்பு இல்லை, ரத்தமில்லை, வலியுமில்லை. வால் மட்டும் பாதி மாயமாகிவிட்டது.

"திருட்டு! பட்டப்பகல்ல திருட்டு!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். குளத்தில் வால் மேல் கண் வைத்திருக்கும் ஆள் யார்? நேரே நண்டு வளைக்குப் போனார்கள்.

"மாமா! எங்க அக்கா வாலைத் திருடினது நீங்கதானே?"

நறுக்காண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளில் எத்தனையோ திருட்டு செய்திருக்கிறது. செய்யாத திருட்டைச் சுமத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"நானா? அவ வாலை அவளேதான் தின்னுக்கிட்டிருக்கா! பல்லு போயி நாக்கு வர்ற வரைக்கும் உங்களுக்கு வால்தான்டா கட்டுச்சோறு! உள்ளுக்குள்ளேயே கரைஞ்சு உடம்புல சேரும். அதை வெட்டிட்டா நீங்க சுருண்டு விழுவீங்க. அப்புறம்தானே நான் முழுசா உங்களை..."

நண்டு சட்டென்று வாயை மூடிக்கொண்டது. என்ன பிரயோசனம்? எல்லாம் கொட்டியாகிவிட்டது.

பொட்டு ஓரடி பின்வாங்கினான். மிச்சமிருந்த பாதி வாலைத் திரும்பிப் பார்த்தான். நேற்று வரை பாரமாக இருந்த வால். இன்று அதுதான் உயிர்!

"தெரிஞ்சு போச்சா? அப்போ இப்பவே குடு!" என்று நறுக்காண்டி பாய்ந்து, வாலைக் கவ்வ வந்தது. ஓடப் பொட்டுவின் காலில் தெம்பில்லை. வாயில் மட்டும் குறும்பு மிச்சமிருந்தது.

"மாமா, மாமா! இந்தத் துணுக்கு உங்க கடைவாய்க்குக் காணுமா? கொட்டாவி வித்வான்கிட்ட எவ்வளவு பெரிய வால் இருக்கு தெரியுமா?"

கொடுக்கு அந்தரத்தில் நின்றது. "தவளைக்கு ஏதுடா வால்?"

"வால் போச்சுன்னு அவர் என்னைக்காவது சொல்லியிருக்காரா? கேட்டுப் பாருங்க, எனக்கு வாலே இருந்ததில்லைன்னு சத்தியம் பண்றார். போகவே இல்லைன்னா உள்ளேதானே இருக்கணும்! அதை மறைக்கத்தானே அவர் உச்சியை விட்டு எழுந்திருக்கிறதே இல்லை!"

நறுக்காண்டி யோசித்தது. இத்தனை வருஷம் கரையாத வால்! எவ்வளவு கொழுத்திருக்கும்! கொக்கு மறந்துபோயிற்று, வளை மறந்துபோயிற்று. எச்சில் ஊறப் பக்கவாட்டில் ஓடி, குளத்தின் அடியோடு போய்ப் பாறையின் பின்பக்கம் ஏறியது.

அன்றும் மழை பிடித்திருந்ததால் மேலே கச்சேரி களைகட்டியிருந்தது. கொட்டாவி வித்வான் கண்ணை மூடி, ஒரு நீண்ட "கொர்ர்ர்" இழுத்துக்கொண்டிருந்தார். நறுக்காண்டி பின்னால் தடவிப் பார்த்தது. கொழுகொழுவென்று ஏதோ அகப்பட்டது. வால்தான்! "வாலைக் குடு, வாலைக் குடு!" என்று ஒரே நறுக்!

"கீஈஈஈஈச்!"

அந்தக் குளத்தில் அப்படி ஒரு உச்சஸ்தாயியை அதுவரை யாரும் கேட்டதில்லை. "பலே! பலே!" என்று சபை எழுந்து நின்றது. வித்வான் ஆகாயத்துக்கு எகிறினார். எகிறிய வேகத்தில் பின்னங்கால் விட்ட உதையில் நறுக்காண்டி பறந்துபோய்க் கரைச் சேற்றில் மல்லாந்து விழுந்தது. அங்கே கொக்கு நின்றுகொண்டிருந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா?

வித்வான் தண்ணீரில் பிட்டத்தை நனைத்துக்கொண்டே முனகினார். "பாவி நண்டு! 'வாலைக் குடு, வாலைக் குடு'ன்னு கேக்குது! வாலுக்கு நான் எங்கே போவேன்? அதெல்லாம் சின்ன வயசுலேயே..."

சபை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"அப்போ இருந்துச்சா ஐயா?" என்று கேட்டாள், பொட்டுவைத் தாங்கிக்கொண்டு பாறையடிக்கு நீந்தி வந்திருந்த சுழி.

வித்வான் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சு. ரொம்ப நீளமா. அதைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வெக்கமா இருந்தது."

பொட்டுவின் வெட்டுப்பட்ட வாலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பாறையில் ஏறி, உச்சியை விட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"மேலே வாடா பொட்டு! வாலோடவே வா. இன்னைக்கு நீ பாடு!"

பொட்டு பாறையடியில் ஓர் அல்லி இலைக்குக் கீழே சுருண்டு படுத்து, பாதி வாலைப் பத்திரமாக உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

"இருங்க ஐயா! இன்னும் சாப்பிட்டு முடிக்கல. முடிச்சிட்டு வர்றேன்!"

அவன் முடிக்க நாளாயிற்று. பாதிச் சோறு பறிபோனதால் அந்தக் குளத்திலேயே சின்னத் தவளையாகத்தான் பொட்டு வளர்ந்தான். ஆனால் அவன் பாறையில் ஏறி "கொர்ர்ர்" என்றபோது, அது அவனுடைய சொந்தத் தொண்டையிலிருந்து வந்தது.

நீதி: ஒவ்வொரு பருவமும் அடுத்த பருவத்துக்குக் கட்டித் தரும் சோறு, அதை அவசரப்பட்டு வெட்டி எறிபவரும் வளர முடியாது, அதை உண்டதை மறைப்பவரும் பிறரை வளர்க்க முடியாது.