ஸ்டெப்னி கேட்ட வெள்ளை வளையம்

மலையடிவாரத்தில் ஒரு பட்டாள முகாம் இருந்தது. அந்த முகாமில் ஒரு லாரி. லாரியின் வாலுக்கு அடியில், சங்கிலியில் கட்டுண்டு தொங்கிக்கொண்டிருந்தான் ஒரு ஸ்டெப்னி.

லாரியின் மற்ற சக்கரங்கள் எல்லாம் நிரந்தரச் சிப்பாய்கள். ஸ்டெப்னி இருப்பு ஆள். கூப்பிட்டால் சிப்பாய், கூப்பிடாத வரைக்கும் யாரோ. வேலையில்லாத நாளில் சமையற்காரர் அவனை அவிழ்த்துப் போட்டு, மேலே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பார். அதற்கெல்லாம் அவன் வருத்தப்பட்டதே கிடையாது.

"கூப்பிடுற அன்னைக்குத் தெரியும், நான் யாருன்னு" என்பான்.

அவன் வயிற்றுக்குள் குடியிருந்த அவன் பெண்டாட்டி டியூப் சிரிப்பாள். "கூப்பிடட்டும், கூப்பிடட்டும். அதுவரைக்கும் கிழங்குத் தோல் உங்க தலையிலதான்."

தினமும் காலையில் காற்றுமானி ரோந்து வருவார். பித்தளை உடம்பு பளபளக்க ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். குறைந்திருந்தால் நிரப்பச் சொல்வார். கடைசிச் சக்கரத்தோடு திரும்பிவிடுவார். வாலுக்கு அடியில் ஒருத்தன் தொங்குகிறானே என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"ஏங்க, எனக்குக் காத்து கொறஞ்சுகிட்டே வருதுங்க" என்பாள் டியூப். "அந்தப் பெரிய மனுசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சும்மா இரு. இருப்பு ஆள் கூப்பிட்டாத்தான் வாயைத் திறக்கணும். அதுதான் எங்க வழக்கம். இப்பப் போயி காத்து இல்லைன்னு சொன்னா, வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்றான்னு சிரிப்பாங்க."

அந்த ரோஷம்தான் அவனைக் கெடுத்தது, பாவம்.

ஐப்பசி அடைமழையில் மலைமேல் ஓர் ஊரில் மண் சரிந்தது. வீடிழந்தவர்களை ஏற்றிக்கொண்டு லாரி இறங்கியது. பாதி மலையில் டமாரென்று பின்சக்கரம் வெடித்தது.

"ஸ்டெப்னியை எடுங்கடா!"

வாழ்நாளெல்லாம் அவன் ஏங்கிக் கிடந்த குரல் அது. ஜாக்கி லாரியைத் தன் தலையில் தூக்கிப் பிடித்தான். ஸ்டெப்னியை மாட்டினார்கள். ஜாக்கி இறங்கியதும் மொத்தப் பாரமும் அவன்மேல் உட்கார்ந்தது. காற்றில்லாத வயிறு தோசைமாவு மாதிரி தரையில் பரந்தது.

"தாங்குவியா மாப்ளே?" என்றான் ஜாக்கி.

"தாங்காம?" என்றான் ஸ்டெப்னி.

தாங்கத்தான் செய்தான். வளைவுக்கு வளைவு இரும்பு விளிம்பு அவன் விலாவைக் கடித்தது. கிழிந்தும் ஓடினான். உள்ளே டியூப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முகாமின் கூரை கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளைவில் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டான். ஜனங்கள் இறங்கி மழையில் நடந்தார்கள். ஒரு குழந்தை குளிரில் அழுதுகொண்டே போனது. அந்த அழுகை அவன் காதைவிட்டுப் போகவே இல்லை.

அந்த முகாமில் ஒரு நடைமுறை உண்டு. ஓடி முடித்து வெளியேறும் சக்கரத்துக்குப் பட்டறையில் ஒரு குறி போட்டுத்தான் அனுப்புவார்கள். ஒழுங்காக உழைத்தவனுக்கு வெள்ளை வளையம். அவனைக் கொடிக்கம்பத்துப் பாதையோரம் பாதி உடம்பு புதைத்து மரியாதையாக நிறுத்துவார்கள். அவன் டியூபை முழுசாக ஏரிக்கரைக்கு அனுப்புவார்கள். வெள்ளத்தில் தத்தளிப்பவர்களைக் கரைசேர்க்கும் வேலை. கைவிட்டவனுக்குச் சிவப்பு இன்ட்டு. அவன் குப்பைமேட்டுக்குப் போவான். அவன் டியூப் பட்டறை ஆணியில் தொங்குவாள். பஞ்சர் வரும்போதெல்லாம் ஒட்டுப்போட அவளை நறுக்குவார்கள்.

"பாதி வழியில் கைவிட்டான்" என்றார் பட்டறையின் தலைவர் பட்டறைக்கல். சிவப்பு இன்ட்டு விழுந்தது. ஏன் சாய்ந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததால் அவனும் சொல்லவில்லை, பழக்கம் அப்படி.

குப்பைமேட்டிலிருந்து பார்த்தால் பட்டறை ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குள் ஆணி தெரியும். ஆணியில் அவள் தொங்குவது தெரிந்ததும்தான் அவனுக்கு வாய் திறந்தது.

"அய்யா! என் குறியை மாத்திக் குடுங்கய்யா! எனக்காகக் கேக்கல, அவளுக்காகக் கேக்குறேன். அவ முழு உடம்போட தண்ணியில மிதக்கணும்யா!"

"குப்பைமேட்டுக் குரலைக் கேட்க விதி இல்லை" என்றார் பட்டறைக்கல். "உள்ளே இருப்பவர் யாராவது சொல்லட்டும்."

ஜாக்கி முன்னால் வந்து அவனுக்காகப் பேசினான்.

"நீ யார் அவனுக்கு? சம்பந்தப்பட்டவன் நேரில் வர வேண்டும்."

"அவனைத்தான் நீங்க வெளிய தள்ளிட்டீங்களே சாமி!"

"அதை அடுத்த அமர்வில் யோசிப்போம்."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும், பட்டறைக்கல் நகருமா? ஜாக்கி மறுபடி மறுபடி கேட்டான். இவர்கள் யோசித்த காலமெல்லாம் மலைப்பாதையில் கல்லும் முள்ளும் சும்மா இருக்கவில்லை. பஞ்சர் வந்தபடி இருந்தது. ஒட்டுக் கேட்டு ஆள் வரும்போதெல்லாம் கத்தரி தலையைக் குனிந்துகொண்டு ஆணிப் பக்கம் போவான்.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணி. எனக்கு இட்ட வேலை இது."

"உன்மேல என்னப்பா கோவம்? சட்டுன்னு வெட்டிரு." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கச் சொல்வாள்: "ஏங்க! ஒரே ஒரு துண்டுதான் போச்சு! வலிக்கல. நீங்க விடாம கேளுங்க!"

ஸ்டெப்னி விடாமல் கேட்டான். கேட்டுக் கேட்டு அவன் தொண்டை ரப்பர் வெடித்தது.

வெயில் காலம் வந்த பிறகு ஒரு நாள் அவனை உருட்டிக்கொண்டு வந்து விசாரணையில் நிறுத்தினார்கள். கிழிந்த விலாவைக் காட்டி ஜாக்கி நடந்ததைச் சொன்னான். "மாட்டின நிமிசமே பார்த்தேன் சாமி, வயித்துல காத்தே இல்ல. அந்த வயித்தோட அத்தனை வளைவு ஓடினான். காத்து ரொம்பின பயகூட அப்படி ஓட மாட்டான்."

பட்டறைக்கல் காற்றுமானியைக் கூப்பிட்டார்.

"இவனுக்குக் காற்று பார்த்தீரா?"

காற்றுமானிக்குச் சுருக்கென்றது. "என் பணியில் இதுவரை ஒரு குறை சொன்னவர் கிடையாது. தரையில் நிற்கிற சக்கரத்தைப் பார்ப்பதுதான் என் கடமை. தொங்குகிறவனைப் பார்க்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை."

"அப்படியானால் கூப்பிட்ட அன்றைக்கு இவனுக்குள் காற்று இருந்ததா இல்லையா என்று உமக்குத் தெரியாது?"

"தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை."

சொன்னதன் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியது, சொன்னவரைத் தவிர.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்றார் பட்டறைக்கல் மெல்ல. "சிவப்பை அழியுங்கள். வெள்ளை வளையம் போடுங்கள். இவன் டியூபை முழுசாக ஏரிக்கரைக்கு அனுப்பி வையுங்கள்."

ஜாக்கி "அப்படிப் போடு!" என்று குதித்தான். ஸ்டெப்னி ஆணிப் பக்கம் திரும்பினான். ஆணியில் ஒரு வால்வு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கத்தரி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

"எப்போடா?" என்றான் ஸ்டெப்னி.

"இன்னைக்குக் காலையில அண்ணே. கடைசித் துண்டு. 'அவரு ஜெயிச்சுட்டாரா'ன்னு கேட்டாங்க. நான்... ஆமான்னு சொல்லிட்டேன்."

ஸ்டெப்னிக்கு அழக்கூட மூச்சு இல்லை. நல்லது செய்தாய் தம்பி என்று மட்டும் சொன்னான்.

வெள்ளை வளையம் போட்டார்கள். கொடிக்கம்பத்துப் பாதையில் குழி வெட்டினார்கள். நடுவதற்கு முன்னால் ஜாக்கி அந்த வால்வை எடுத்து அவன் வயிற்றுக்குள் போட்டான். பாதையில் போகிற வருகிற சக்கரம் எல்லாம் இப்போது அவனைப் பார்த்து விறைப்பாக ஒரு மரியாதை செலுத்திவிட்டுத்தான் போகிறது.

தினமும் காலையில் அவனுடைய பழைய லாரி அந்த வழியாகத்தான் வெளியே போகும். அதன் சக்கரங்களுக்குள் அவள் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அது அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்க அவனால் முடிவதில்லை. லாரி தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பான். தாண்டியதும் திறந்து, வாலுக்கு அடியில் புதிதாகத் தொங்குகிற பையனைப் பார்த்துக் கத்துவான்:

"தம்பி! உனக்குக் காத்து பார்த்தாங்களாடா?"

அந்தப் பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரிப்பான்.

"கூப்பிடட்டும் அண்ணே! அன்னைக்குப் பாருங்க, நான் யாருன்னு!"