பக்தாத் வாசலில் குரலைக் கொடுத்த நாரை

பறவைகள் பேசினால் மனிதருக்குப் புரிந்த அந்தக் காலத்தில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் பக்தாத் நகரம் புதிதாக எழும்பியிருந்தது. தாம்பாளம் போல வட்டமான நகரம். நான்கு திசைக்கும் நான்கு வாசல். ஒரு வாசலில் சீனத்துப் பட்டு வந்து இறங்கும், இன்னொரு வாசலில் நம் பக்கத்து மிளகு வந்து இறங்கும். கிரேக்கரும் பாரசீகரும் எழுதிவைத்ததையெல்லாம் அரபியில் பெயர்த்துவிட வேண்டும் என்று அறிஞர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அது தங்கள் காதில் விழுந்தாக வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம். கேட்பதில் அப்படியொரு பசி வேறெந்த ஊருக்கும் இருந்ததில்லை.

அந்தப் பசிக்கு வெகுகாலம் தீனி போட்டவள் ஜுமானா என்ற செங்கால் நாரை. பெரிய பள்ளிவாசலின் குவிமாடத்தில் அவள் கூடு இருந்தது. அன்றைக்கு நாரைகளுக்குக் குரல் உண்டு. அதிலும் ஜுமானாவின் குரல், மண்பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்குவது போல அத்தனை குளுமையாக இருக்கும். குளிர் தொடங்கினால் தெற்கே பறந்து போவாள். வசந்தத்தில் திரும்பி வந்து, படகுகளை வரிசையாகக் கட்டிப் பலகை பாவிய பாலத்தின் மேல் நின்று, பார்த்த ஊர்களைப் பற்றியெல்லாம் சொல்வாள். நகரமே திரண்டு நிற்கும். முன்வரிசையில் எப்போதும் ஹம்தூன் உட்கார்ந்திருப்பான். பாலத்தின் கயிறுகளைக் கவனித்துக்கொள்ளும் காவலாளி அவன். அவள் கதையை எங்கே நிறுத்தினாலும், "அப்புறம்?" என்று முதலில் கேட்பவன் அவன்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே கடல் தாண்டி வரலாம் என்று ஜுமானாவுக்குத் தோன்றும்.

ஒரு வசந்தத்தில் அவள் வந்து இறங்கியபோது பாலம் வெறிச்சோடிக் கிடந்தது.

"ஊரில் ஆளே இல்லையா?" என்று ஒரு மீன்காரியிடம் கேட்டாள்.

"எல்லாரும் கிளிப்பேச்சுக் கேட்கப் போயிருக்கிறார்கள். நானும் அங்கேதான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அறிஞர்கள் கூடும் முற்றத்தில், மாதுளைக் கிளையில் ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தது. மிளகுக் கப்பலில் தமிழ்க்கரையிலிருந்து வந்தவள், பெயர் அஞ்சுகம். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பு. குரலும் கொஞ்சம் கீச்சுதான். ஆனால் கடலில் முத்துக் குளிப்பவர்களைப் பற்றியும், பிரிந்துபோன துணைக்காகக் காத்திருந்த ஒரு யானையைப் பற்றியும் அவள் சொல்லச் சொல்ல, முற்றம் மூச்சு விடாமல் கேட்டது. முன்வரிசையில் ஹம்தூன்! வாய் பிளந்து உட்கார்ந்திருந்தவன், "அப்புறம்?" என்று கேட்டான்.

தனக்கான சொல் இன்னொருத்திக்குப் போனது ஜுமானாவைச் சுட்டது.

கிளி அவளைப் பார்த்துவிட்டுச் சிறகடித்தாள். "அக்கா, வாங்க வாங்க! ஹம்தூன் உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்ல. நீங்க ஒரு கதை சொல்லுங்க, நாங்க கேக்குறோம்."

அந்த அன்புதான் அவளை இன்னும் சுட்டது. தனக்குச் சொந்தமான சபையில் தனக்கே இடம் கொடுக்க இவள் யார்? ஜுமானா நைல் நதியின் நீர்யானைகளைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லது. அஞ்சுகம், அந்தத் துணை யானை கடைசியில் வந்ததா இல்லையா?" என்று கேட்டார்.

ஜுமானா எழுந்து பறந்தாள். தெற்கே நாணல் சதுப்பில் போய் ஒற்றைக்காலில் நின்றாள். தவளை வாய்க்குக் கிட்டே வந்தபோதும் கொத்தவில்லை. ஒரு கிளிக்கே இந்த ஊர் இப்படி மயங்கினால், இன்னும் பத்துக் கிளி வந்தால் என்னை யார் நினைப்பார்கள்? இதே நினைப்பில் நாள்கள் போயின.

ஒரு காலைப்பொழுதில், தென்னாட்டுக் கப்பல் ஒன்று பாய் விரித்து ஆற்றில் ஏறி வருவதைத் தொலைவில் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. நேரே நகரின் தென்புறத்துப் பஸ்ரா வாசலுக்குப் பறந்தாள்.

"வாசலை மூடுங்கள்! கிளி வந்த நாட்டிலிருந்து வருகிற கப்பலில் கொள்ளைநோய்! என் கண்ணால் பார்த்தேன்!"

அவள் அதுவரை பொய் சொன்னதே இல்லை. அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நான்கு வாசல்களும் மூடப்பட்டன. ஆற்றின் குறுக்கே சங்கிலி இழுத்துக் கட்டினார்கள். கப்பலிலிருந்து யாரும் இறங்கிவிடாதபடியும், கப்பல் வேறு ஊருக்குத் திரும்பிவிடாதபடியும் இரு கரையிலும் வில்லாளிகள் நின்றார்கள். அஞ்சுகத்தைக் கூண்டில் அடைத்து மேலே துணியைப் போர்த்தினார்கள்.

ஜுமானா மார்பை நிமிர்த்திக்கொண்டு பாலத்தில் வந்து நின்றாள். இனி எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டும் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. நோய்க்குப் பயந்து அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சந்தை கூடவில்லை, அறிஞர்களின் முற்றத்தில் சருகு சேர்ந்தது. வெளியூர்ச் சொல் ஒன்றும் நுழையாத அந்த நகரம், உடம்புக்கு முடியாதவர் போலச் சுருண்டு கிடந்தது.

ஹம்தூனாவது வருவான் என்று அவன் வீட்டுக்குப் பறந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் கதவிடுக்கில் பேசினான்.

"உனக்குத் தெரியாதா? கிளியின் நாட்டிலிருந்து ஏடுகள் வருகின்றன என்று ஆசை ஆசையாக எதிர்கொள்ளப் போனான். நீ சொன்ன நோய்க்கப்பலில்தான் அவனும் இருக்கிறான், பாவம்."

ஜுமானா எப்படிப் பறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சங்கிலிக்கு அப்பால் கப்பல் நின்றிருந்தது. உணவு தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. கிழ மாலுமி ஒருவர் பசியிலேயே இறந்துபோக, அவரைப் பாய்த்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போன ஹம்தூன் அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"ஜுமானா! எங்களைத் தேடி வந்தாயா? யாரோ ஒரு பாவி நோய் என்று கிளப்பிவிட்டானாம். கப்பலில் உள்ள பிள்ளைகள் பசியில் அழுகின்றன. ஏதாவது கதை சொல்லு, கொஞ்ச நேரம் மறந்திருக்கட்டும்."

ஜுமானா அப்போதே நகரத்தை நோக்கித் திரும்பிப் பறந்தாள்.

பஸ்ரா வாசலில் நகரத்து நீதிபதியான காஜியார் காவலர்களோடு நின்றிருந்தார். "காஜியாரே, கப்பலில் நோய் இல்லை! வாசலைத் திறங்கள்!"

"நோய் என்று சொன்னதும் நீதானே?"

"பொய் சொன்னேன்."

"எதற்கு?"

நாரை தலை குனிந்தாள். கூட்டம் மெல்லச் சேர்ந்துவிட்டிருந்தது. "கிளி மேல் பொறாமை" என்றாள்.

காஜியார் தலையை அசைத்தார். "அன்றைக்குப் பொறாமையில் பொய் சொன்னாய். இன்றைக்கு ஹம்தூன் மேல் உள்ள பாசத்தில் பொய் சொல்லவில்லை என்று நான் எப்படி நம்புவது? நான் ஏமாந்தால் ஊரே செத்துவிடும், அம்மா."

"அப்படியென்றால் இதை என் கடைசிச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ ஊர்க்கதை சொன்னவள் நான். என் கடைசிச் சொல்லைப் பொய்யில் வீணாக்குவேனா? அந்தக் கப்பலில் பசியைத் தவிர வேறு நோய் இல்லை."

சொல்லி முடித்தவள், தன் நாக்கை அலகுக்கிடையில் வைத்து இறுகக் கடித்துத் துண்டித்தாள். வாசற்படியில் ரத்தம் சொட்டியது.

காஜியாரே தம் கையால் தாழ்ப்பாளை நீக்கினார்.

கப்பல் கரை சேர்ந்தது, அஞ்சுகத்தின் கூண்டும் திறந்தது. நடந்ததைக் கேள்விப்பட்ட ஹம்தூன் பல நாள் அந்தக் குவிமாடத்தின் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து கீழே நின்றான். "இறந்தவரை என்னால் மறக்க முடியவில்லை. கோபமும் போகவில்லை. ஆனாலும் வேறெங்கும் போய்விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கு மறுநாள் முற்றம் பழையபடி நிறைந்தது. அஞ்சுகம் மறுபடியும் கதை சொல்லத் தொடங்கினாள். கேட்கக் கேட்க, மேலே குவிமாடத்தில் ஜுமானாவுக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும் போலிருந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலையை முதுகில் சாய்த்துக் கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. அலகுகள் மட்டும் ஒன்றோடொன்று மோதின. லக் லக் லக் லக்!

கிளி அண்ணாந்து பார்த்தாள். "அக்கா நமக்குக் கை தட்டுறாங்க!" என்று குதித்தாள். ஹம்தூனுக்கு மட்டும் அது குரல் தேடித் தவிக்கிற சத்தம் என்று புரிந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று தொட்டுத்தான் செங்கால் நாரை இனத்துக்கே குரல் இல்லாமல் போயிற்று. பக்தாத்தை விட்டுப் போகவும் மனமில்லாமல், வசந்தம் வந்தால் அந்த ஊர்க் குவிமாடங்களில் கூடு கட்டி, கீழே ஊர் பேசுவதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் அலகைத் தட்டிக்கொண்டிருக்கிறது.