அரியணைக்குப் பக்கத்தில் ஒரு பானை

முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றில், தீர்ப்புச் சொல்லப் பயந்த அரசர் ஒருவர் இருந்தார். போருக்குப் பயப்படாதவர், புலிக்கும் பயப்படாதவர். கப்பலில் வந்து இரண்டு மாதம் தங்கியிருந்த பாதிரியார் ஒருவர், "மனிதனுக்குச் சித்தத்தைக் கொடுத்த ஆண்டவர், அதை வைத்து என்ன செய்தாய் என்று கடைசி நாளில் கேட்பார்" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். இங்கே அரசருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இதுவரை சொன்ன தீர்ப்புகளில் எத்தனை தவறோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பிரதானி இன்னாசியப்பர் ஒரு வழி சொன்னார். கடலில் எந்த இடத்தில் யார் வலை வீசுவது என்பதை அந்தக் கரையில் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். வழக்குக்கும் அப்படியே செய்யலாம் என்றார். அரியணைக்குப் பக்கத்தில் ஒரு பானை, அதில் இரண்டு ஓலை. குங்குமம் தடவிய ஓலை வந்தால் மரணம், வெற்றோலை வந்தால் விடுதலை. தீர்ப்பு ஆண்டவருடையது, பாவம் அரசரைச் சேராது. அரசருக்கு மூச்சு வந்தது.

வந்த ஓலையை எதிர்த்துப் பேசுகிறவனுக்கும் ஓலை எடுக்கப்படும் என்று பிரதானி ஒரு விதியைச் சேர்த்தார். அது விகடகவி பூவணனுக்காகச் சேர்த்தது. பூவணன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். பிரதானிக்கு வயிறு எரியும். இந்த எரிச்சலுக்கு எந்த வைத்தியரிடமும் மருந்து கிடையாது.

ஒரு நாள் துறைமுக விளக்கு அணைந்துபோய், அரசரின் கப்பல் பாறையில் மோதியது. ஆட்கள் பிழைத்தார்கள், பன்னிரண்டு குதிரைகள் செத்தன. விளக்குக் காவலன் சவரியானைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். பூவணனோடு ஒரே தெருவில் வளர்ந்தவன் அவன்.

"தூங்கிட்டேன் மவராசா. தப்பு எம்மேலதான்" என்றான் சவரியான். கூட்டாளி காய்ச்சலில் கிடந்ததையும், ஒன்பது நாள் தனியாகக் கண்விழித்ததையும், இன்னோர் ஆள் கேட்டு மூன்று முறை அரண்மனைக்குச் சொல்லியனுப்பியதையும் அரசர் கேட்ட பிறகுதான் சொன்னான்.

அரசருக்கு அவனைக் கொல்ல மனமில்லை, விடவும் தைரியமில்லை. பானையைக் காட்டினார். குங்கும ஓலை வந்தது. மறுநாள் மாலைக்குள் தலை போக வேண்டும்.

பூவணன் வாயே திறக்கவில்லை. பிரதானி அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பூவணன் சபைக்கு வந்தான். கையில் ஒரு பூமாலை இருந்தது. அரசருக்கு முதுகைக் காட்டி நின்று, பானையை விழுந்து கும்பிட்டு, மாலையை அதன் கழுத்தில் போட்டான். அரசருக்குக் குடை பிடித்தவனைக் கூப்பிட்டுப் பானைக்குப் பிடிக்கச் சொன்னான். சாமரம் வீசுகிறவனையும் இடம் மாற்றினான். "மகாராஜா, மழை எப்போது பெய்யும்?" என்று பானையிடம் விசாரித்தான்.

சபை நடுங்கியது. பிரதானிக்கு மட்டும் உள்ளே தேன் வடிந்தது.

"பூவணா, யாரை மகாராஜா என்கிறாய்?" என்றார் அரசர்.

"தேவரீர், நாட்டில் தீர்ப்புச் சொல்பவர்தானே அரசர்? இப்போது தீர்ப்புச் சொல்வது பானை. அடியேன் ஓலையை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கு முழுதாக அடங்கி நடக்கிறேன்."

அரசரின் முகம் சிவந்தது. "இவன் தலையை எடுங்கள்" என்றார்.

பிரதானி ஓடிப்போய்ப் பானைக்குள் கையை விட்டார்.

"ஓலை எதற்கு? நான்தான் சொல்கிறேனே!" என்று அரசர் எழுந்தார்.

பூவணன் தரையில் விழுந்தான். இந்த ஒரு பேச்சில் தன் தலையும் சவரியான் தலையும் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியும்.

"அப்படியானால் தேவரீருக்கே தீர்ப்புச் சொல்ல முடிகிறது. தேவரீர், பானை தானாக நடந்து இங்கே வரவில்லை. வைத்தது தேவரீர் சித்தம். நேற்று அதைக் காட்டியதும் தேவரீர் விரல். கடைசி நாளில் ஆண்டவர் கேட்கும்போது பானையா போய் நிற்கும்?"

அரசர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரதானியின் கை இன்னும் பானைக்குள்ளேயே இருந்தது.

பிறகு அரசர் சவரியானைக் கொண்டுவரச் சொன்னார். "நீ தூங்கியது உன் குற்றம். ஓராண்டு என் லாயத்தில் வேலை செய். ஆள் கேட்டு மூன்று முறை சொல்லியனுப்பியும் நான் கவனிக்காதது என் குற்றம். செத்த குதிரைகள் என் கணக்கில் போகட்டும். விளக்குக்கு இனி மூன்று பேர். இது என் தீர்ப்பு." சொல்லிவிட்டுத் தன் கையாலேயே முத்திரை வைத்தார்.

"பூவணா, இது சரியான தீர்ப்புதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அடியேனுக்குத் தெரியாது. ஆனால் கேட்டால் பதில் சொல்ல இப்போது ஆள் இருக்கிறது."

அரசர் அவனையே பார்த்தார். பிறகு மாலை போட்டுக்கொண்டு நின்ற பானையைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவணன் கழுத்தில் போட்டார். பானையைப் பிரதானிக்கே கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறுகாய் போடச் சொன்னார்.

பயம் தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை. ஆனாலும் அன்று மதியம் அரசர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.