பிரிக்காத கட்டும் முந்நூறு பதில்களும்

கருவேலங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு மைனா, ஒரு தேவாங்கைப் பாறைமேல் உட்காரவைத்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தது.

தேவாங்கின் பெயர் மெதுவன். அவன் ஒரு கதை எழுதியிருந்தான். காய்ந்த ஆலிலை நாற்பதில் முள்ளால் கீறிக் கீறி எழுதி, ஒரே கட்டாகக் கட்டிய கதை. காட்டுக்கே அது ஒரே பிரதி. முறை வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாள். அன்றைக்கு ஆறாவது ஆளிடம் இருந்தது.

பேட்டியைக் கேட்க யாரும் குளத்தங்கரைக்கு வர வேண்டியதில்லை. அதற்குத்தான் கிளிகள் இருந்தன. மைனா கேட்பதையும் தேவாங்கு சொல்வதையும் மனப்பாடம் செய்துகொண்டு மரம் மரமாகப் போய் ஒப்பிக்கும். கேட்டவர்கள் பதில் சொன்னால் அதையும் ஒப்பிக்கும். பதிலுக்கு ஒரு பதில் வந்தால் அதையும் விடாது. கொஞ்ச நேரத்தில் காடு முழுக்கப் போய்விடும்.

ஒரே ஒரு சிக்கல். ஏழெட்டு வார்த்தைக்கு மேல் கிளி மனசில் நிற்காது. அந்த ஏழெட்டும் காரமாக இருந்தால்தான் நிற்கும். மிளகாய்ப் பழம் தின்னும் பிறவி, வேறெப்படி இருக்கும்!

மெதுவன் பகலெல்லாம் தூங்கிவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தான். மைனாவுக்கோ அவசரம்.

"மெதுவண்ணே, கதையில என்ன வருது? சட்டுனு சொல்லுங்க!"

"ஒரு கீரி வருது."

"சரி!"

"அது ஒரு பாம்பைப் பார்க்குது."

"ஆகா! சண்டையா?"

"இல்ல. ஓடிருது. அப்புறம்..."

"ஓடிருதா! கீரியா! கேட்டீங்களா மக்களே!" என்று மைனா இறக்கையைத் தட்டியது.

கிளிகள் பறந்தே போய்விட்டன. 'அப்புறம்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கிளிகூட அங்கே மிச்சமில்லை.

வெடுக்கி என்ற கீரி அந்த நேரம் ஓடைக்கரையில் ஒரு நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒப்பி என்ற கிளி வந்து உட்கார்ந்தது.

"கேளு கேளு! தேவாங்கு கதையில கீரி ஓடுது! பாம்பைப் பார்த்து ஓடுது!"

வெடுக்கியின் கையிலிருந்த நண்டு நழுவி ஓடையில் விழுந்து தப்பித்துப் போனது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை. வால் மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. கதைதானே, போகட்டும் என்று விட்டிருக்கலாம். தன் முறை வரட்டும், படித்துப் பார்க்கலாம் என்று பொறுத்திருக்கலாம். பொறுமை என்பது வெடுக்கி கேள்விப்பட்ட சரக்கே இல்லை.

"முட்டைக்கண்ணன் கீரி குலத்தையே கேவலப்படுத்திட்டான்!" என்று கத்தினாள்.

"ஆகா! காரம் தூக்கல்!" என்று ஒப்பி பறந்தது.

அவ்வளவுதான், காடு பற்றிக்கொண்டது.

"தேவாங்கு மன்னிப்புக் கேட்கணும்!" என்றது காடை.

"வீரத்தைப் பத்தி இவனுக்கென்ன தெரியும்?" என்றது நரி.

"கீரியே ஓடினா முயல் என்ன செய்யும்?" என்று முயல் கவலைப்பட்டது.

"அற்புதமான கதை! அழுதுட்டேன்!" என்றது உடும்பு.

"உடும்புக்கு லஞ்சம் எவ்வளவு?" என்றது நரி மறுபடி.

"என் தாமரையை யார் பறிச்சது?" என்று நடுவில் ஆமை கேட்டது. அதற்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதையும் கிளிகள் ஒப்பித்தன. அதற்கும் இருபது பேர் பதில் சொன்னார்கள்.

இரண்டே நாளில் முந்நூறு பதில்கள் சேர்ந்துவிட்டன. வெடுக்கி போகிற வழியெல்லாம், "கீரியக்கா, சரியான போடு!" என்று யாராவது சொன்னார்கள். அவளுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. நேற்றுவரை அவள் இருக்கிறாளா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை அல்லவா?

மூன்றாம் நாள் காலை ஒப்பி வேறொரு சேதியோடு வந்தது.

"மெதுவன் சொல்றான். கட்டைக் கொண்டாங்க. குளத்துல போடறேன். இனி எழுத மாட்டேன்."

"நல்லது! ரோஷம் வந்துருச்சு போல!" என்றாள் வெடுக்கி. சொன்னாளே தவிர, சொன்ன பிறகு நெஞ்சில் ஏதோ முள் மாதிரி உறுத்தியது. அது என்னவென்று நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. கட்டு உடும்பிடம் இருந்தது. அடுத்த முறை அவளுடையது. சாயங்காலத்துக்குள் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் அவள்தான்.

உடும்பு பாறை இடுக்கில் கட்டின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

"உடும்பண்ணே, எழுந்திரு. கட்டைக் குடு."

"எடுத்துக்கோ தாயி. நல்ல கதை. கழுத்துக்கு இதமா இருந்துச்சு."

வெடுக்கி கட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கோவைக்கொடியால் கட்டியிருந்தது. முடிச்சின்மேல் கருவேலம்பிசினை ஒரு பொட்டு வைத்து மெதுவன் காயவிட்டிருந்தான். முதலில் பிரிக்கிறவர் கையிலேயே உடைந்து உதிர்ந்துவிடும் பிசின் அது. உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணே! நீ அழுதேன்னு சொன்னியே!"

"ஆமா, சொன்னேன்."

"முடிச்சையே அவிழ்க்கலையே நீ!"

"அதான் பேட்டியைக் கேட்டாச்சே. அது போதாதா? பாவம், எழுதறவன் சந்தோஷப்படட்டுமேன்னு நாலு நல்ல வார்த்தை சொன்னேன்." உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது. "அது சரி, நீ மட்டும் படிச்சுட்டா திட்டுனே?"

"அது வேற!"

"எப்படி வேற?"

"வேறன்னா வேற! தூங்கு நீ!"

கட்டைக் கவ்விக்கொண்டு வெடுக்கி வெளியே வந்தாள். எட்டுப் பேர் கை மாறிய கட்டு. எட்டுப் பேரும் பிரிக்கவில்லை. முந்நூறு பதில் சொன்ன காட்டில் ஒருவரும் ஒரு இலையைக்கூடப் படிக்கவில்லை.

காரைப்புதர் நிழலில் உட்கார்ந்து பிசினைக் கடித்து உடைத்தாள். நல்ல எண்ணத்தில் இல்லை. எப்படியும் குளத்தில் போகப்போகிற கதை. அதற்குள் இன்னும் நாலு குற்றம் கண்டுபிடித்து வைத்தால் பேச உதவும், அவ்வளவுதான்.

குற்றம் கிடைக்கவும் செய்தது. ஆரம்பத்திலேயே ஒரு தவளைக் கல்யாணம். ஏழு இலைக்கு நீண்டது. வெடுக்கிக்குக் கொட்டாவி வந்தது. "ஆகா, மாட்டினான்!" என்று சிரித்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் இலையில் கீரி பாம்பைப் பார்த்தது. ஓடியது. வெடுக்கியின் சிரிப்பு நின்றது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வெடுக்கி கரையான் புற்றோரம் போனாள். புற்றின் மறுபக்கத்திலிருந்து ஒரு நல்லபாம்பு எழுந்து படம் விரித்தது. எத்தனையோ பாம்பைப் பார்த்தவள்தான். அன்றைக்கு என்ன ஆனதோ, கால் தானாகத் திரும்பிக்கொண்டது. ஓடை தாண்டும்வரை நிற்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. கட்டிய புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் வீரத்தைப் பற்றி அவள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

கதையில் வந்த கீரியும் அதையேதான் செய்தது. முள்ளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் தின்னவில்லை. அப்புறம் வெளியே வந்து, பாம்பை விரட்டிவிட்டதாக ஊரெல்லாம் சொன்னது. 'ஓடியதில் அவளுக்கு வலி இல்லை. ஓடவே இல்லை என்று காட்ட அவள் போட்ட சத்தம்தான் அவளைத் தூங்கவிடவில்லை' என்று இருபத்தெட்டாம் இலையில் மெதுவன் எழுதியிருந்தான்.

வெடுக்கி அந்த இலையை மூன்று தடவை படித்தாள்.

கதையின் கடைசியில், பாம்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கௌதாரி முட்டையிட இடம் தேடியது. கீரி அதனிடம் போய், "இங்க வேண்டாம். பாம்பு இருக்கு. நான் விரட்டலை, ஓடிட்டேன்" என்று சொன்னது. கௌதாரி சிரிக்கவில்லை. "சொன்னியே, என் குஞ்சு பிழைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. அன்றைக்குக் கீரி தூங்கியது. கதை அதோடு முடிந்தது.

வெடுக்கி நிமிர்ந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. ஒரு இடத்தில் இத்தனை நேரம் அவள் உட்கார்ந்ததே இல்லை. காலையில் உறுத்திய முள் என்னவென்று இப்போது தெரிந்தது. இந்தக் கட்டு குளத்தில் போனால், பயந்து ஓடிய இன்னொருத்தி எதைப் படிப்பாள்? இதைக் குளத்துக்கு அனுப்பியது யார்? அவள் வாய்தான்!

"ஒப்பி! ஏய் ஒப்பி! வா இங்க!"

கிளி வந்தது.

"சொல்றேன், கேட்டுக்கோ. கதையைப் படிக்காமலே திட்டிட்டேன், அது என் தப்பு, படிச்சுப் பார்த்தா ரொம்ப நல்லாருக்கு, அதனால எல்லாரும் முதல்ல..."

"நிறுத்து நிறுத்து! முதல்ல என்ன சொன்னே?"

"கதை நல்லாருக்கு!"

"அதை உடும்பே சொல்லிட்டாரு. சப்புனு இருக்கு."

"சரி, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன்!"

"காட்டுல இருக்குற அத்தனை கிளி வாயிலயும் இருக்கு அது. எந்த வாய்க்குள்ள கையை விட்டு எடுப்பே?" ஒப்பி இறக்கையை உதறியது. "சூடா ஏதாவது இருந்தா சொல்லு. இல்லைன்னா ஆளை விடு."

வெயில் இன்னும் ஒரு முழம் இறங்கியது. மெதுவன் இந்நேரம் கண் விழித்திருப்பான்.

வெடுக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நானும் ஓடினேன்!"

ஒப்பியின் அலகு திறந்தபடியே நின்றது. "என்னது?"

"பாம்பைப் பார்த்து நானும் ஓடினேன்! புரியுதா? போ! போய்ச் சொல்லு!"

"அம்மாடி! இது சும்மா மிளகாய் இல்ல, காந்தாரி மிளகாய்!" என்று கிளி அலறிக்கொண்டே பறந்தது.

வெடுக்கி கட்டைக் கவ்விக்கொண்டு குளத்தைப் பார்த்து ஓடினாள். சேதி அவளுக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு மரத்திலிருந்தும், "வெடுக்கி ஓடினாளாம்! வெடுக்கி ஓடினாளாம்!" என்று கேட்டது.

"என்ன கீரியக்கா, இப்பவும் ஓட்டம்தானா? பின்னால பாம்பு வருதா?" என்று நரி வழியில் நின்று சிரித்தது. கூட நாலு குரல் சிரித்தன. வெடுக்கிக்குக் காது கொதித்தது. வாயில் கட்டு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

மெதுவன் பாறையில் காத்திருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"குடு" என்று கையை நீட்டினான்.

வெடுக்கி கட்டைத் தரையில் வைத்து முன்காலால் அழுத்திக்கொண்டாள். "குடுக்க மாட்டேன்."

"என் கதை."

"கதை உன்னுது. முறை என்னுது. ஒருத்தருக்கு ஒரு நாள்னு நீதானே சொன்னே? என் நாள் இன்னும் முடியல!"

மெதுவன் கட்டைப் பார்த்தான். முடிச்சில் பிசின் இல்லை. கொடி அவசரத்தில் கோணலாகச் சுற்றியிருந்தது.

"பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"எவ்வளவு தூரம் படிச்சே?"

"நாப்பது இலையும்."

"எப்படி இருந்துச்சு?" என்று மெதுவன் கேட்டான். முந்நூறு பதில்கள் வந்த பிறகு, அவன் அதைக் கேட்க வாய்த்த முதல் ஆள் அவள்தான்.

வெடுக்கிக்குப் பொய் வரவில்லை.

"தவளைக் கல்யாணம் ரொம்ப நீளம்! ஏழு இலை! தவளை மாமியார் பேசறதெல்லாம் யாருக்கு வேணும்?"

மெதுவன் திகைத்தான். பிறகு தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. நாலு இலையைக் குறைச்சிரவா?"

"அஞ்சு!"

"மாமியார் இருக்கட்டும்."

"இருந்துட்டுப் போகட்டும், வாயைத் திறக்கக் கூடாது!"



"முட்டைக்கண்ணன்னு சொன்னேனே, அது..." என்று வெடுக்கி இழுத்தாள்.

"வலிச்சுது."

"ம்."

"கண்ணு முட்டைதான். இருந்தாலும் வலிச்சுது."

வெடுக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "கீரி முள்ளுக்குள்ள படுத்துக்கிடக்குமே, அந்த இடம். அது எப்படி உனக்குத் தெரியும்? கீரியா நீ?"

"தேவாங்கு" என்றான் மெதுவன். "இலை அசைஞ்சாலே ஓடற பிராணி. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

நாணல் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. காடை வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்கணும் என்று கத்திய அதே காடை. அது வெடுக்கியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"அக்கா, கிளி சொல்லுச்சு. நிசமாவே ஓடினியா?"

"ஓடினேன்."

"கதையில ஓடின கீரி அப்புறம் என்னதான் ஆச்சு?"

வெடுக்கி வாயைத் திறந்தாள். மெதுவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, கட்டைக் காடையின் பக்கம் தள்ளினாள்.

"நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு உன் முறை. இப்பவே எடுத்துக்கோ, படி."

காடை மெதுவனைப் பார்த்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசித்தான். பிறகு நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டு, "இலை ஓரம் கிழியாமப் பார்த்துக்கோ" என்றான்.

ஒரு கதையைப் படிக்காமல் கொட்டும் புகழும் வசையும் எழுதியவனுக்கு வெறும் இரைச்சல்தான்; படித்துவிட்டு உண்மையாகச் சொல்லும் ஒரு குறைதான் அவனை மறுபடி எழுத வைக்கும்.