வெறும் வயிற்றில் ஒரு வாழைப்பழ ஐஸ்

அரைமடைக்குப் பஸ் உண்டு. 'ஓடும் பஸ்ஸில் ஏறாதீர்' என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். என்றைக்கிருந்தாலும் ஓடப்போகிற பஸ்தானே என்று அரைமடைக்காரர்கள் அது நிற்கும்போதும் ஏறுவதில்லை. அப்பேர்ப்பட்ட ஊரே பார்த்துச் சிரித்த மூன்று பேர் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்காரவேலு, பொன்னுரங்கம், கலியன். கூடப் பிறந்தவர்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்கிற அளவுக்கு எந்த மாமனாருக்கும் நெஞ்சுரம் போதவில்லை.

இவர்களைக் கட்டி மேய்த்தவர் மூத்த அண்ணன் மாசிலாமணி. அவர் சொன்னால்தான் தம்பிகள் சாப்பிடுவார்கள், அவர் சொன்னால்தான் படுப்பார்கள். ஒருமுறை "போய்க் குளிங்கடா" என்றவர், "போதும்" என்று சொல்ல மறந்து வெளியூர் போய்விட்டார். திரும்பி வந்தபோது மூவரும் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்கள். கிணறு வற்றிப்போயிருந்தது.

மாசிலாமணிக்கு ஒரே ஒரு பலவீனம் குச்சி ஐஸ். சாயங்காலம் ஐஸ் வண்டி மணி கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். அவர் ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போச்சு என்று டாக்டர் சொன்ன நாளோடு அது நின்றது. ஓசூரில் வாழ்க்கைப்பட்ட மகள் தேன்மொழி ஓடி வந்தாள். சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கி வைத்தாள். மாசக் கடைசியில் வருவேன், சர்க்கரை குறையவில்லை என்றால் அப்பாவை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரில் தான்தான் அறிவாளி என்பது சிங்காரவேலுவின் எண்ணம், ஆகையால் கவலையும் அவனுக்குத்தான் முதலில் வந்தது. அண்ணன் ஓசூருக்குப் போய்விட்டால் இங்கே "போதும்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதான். திரும்பி வந்தால் அண்ணன் ஐஸ் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து மறுபடியும் அழுகை வந்தது. தேன்மொழிக்குப் போன் போட்டான்.

"ஏன் சித்தப்பா அழறீங்க? வீட்டுலயே பழத்துல ஐஸ் பண்ணிக் குடுங்க. வாழைப்பழம், தயிர், அவ்வளவுதான். மிக்ஸியில போட்டு அடிக்கும்போது மூடியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. சக்கரை கண்ணுலயே படக் கூடாது. டம்ளர்ல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுட்டு, சும்மா சும்மா திறந்து மூடாதீங்க" என்றாள் தேன்மொழி.

சர்க்கரை டப்பா அடுப்புக்கு மேலே அலமாரியில் இருந்தது. டப்பாவை எடுத்து வைக்கும்படி அவள் சொல்லவில்லை. ஆகவே மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். பொன்னுரங்கம் பழத்தை உரித்து, தோலை மிக்ஸியில் போட்டு, பழத்தை ஜன்னல் வழியாக மாட்டுக்கு எறிந்தான். மாடு வாழ்க்கையிலேயே முதன்முறையாக அந்த வீட்டை மரியாதையோடு பார்த்தது. தடவிப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்து, தோலை எடுத்துவிட்டு வேறு பழம் போட்டுத் தயிரையும் ஊற்றினார்கள்.

மூடி கலியனின் பொறுப்பு. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், யாரும் பிடுங்கிவிடாதபடி மூலையில் உட்கார்ந்துகொண்டான். பொன்னுரங்கம் சுவிட்சைப் போட்டான். தயிரும் பழமும் உத்தரத்துக்குப் போயின. காலண்டரில் இருந்த பிள்ளையாருக்குக் கேட்காமலே அபிஷேகம் நடந்தது.

"மூடியை விட்டுட்டியாடா?" என்று சிங்காரவேலு பதறினான்.

"உசிரே போனாலும் விடுவனா? இதோ, என் கையிலதான் இருக்குது" என்றான் கலியன்.

மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் மூவருக்கும் பெரிய நிம்மதி. ஜாடியின் அடியில் தங்கியதை ஒரு டம்ளரில் வழித்து ஃப்ரீசரில் வைத்தார்கள். அங்கேதான் நிஜமான சிக்கல் வந்தது. திறக்கக் கூடாது என்றால் உறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

"கதவை மூடினாத்தானே அப்புறம் திறக்கணும்? மூடவே வேணாம்" என்றான் சிங்காரவேலு.

இந்த யோசனையைக் கேட்டுத் தம்பிகள் அசந்துபோனார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தபடியே விட்டு, மூவரும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்து காவல் காத்தார்கள். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து வழிந்த தண்ணீர் வாசல் வரைக்கும் போயிருந்தது. டம்ளரில் இருந்தது மட்டும் கூழாகவே இருந்தது. உறையாவிட்டால் ஸ்மூத்தி என்று பேர் வைத்துக் குடித்துவிடலாம் என்று போனில் தேன்மொழி ஆறுதல் சொன்னாள்.

மாசிலாமணி பல் துலக்கி, துண்டை மடியில் விரித்து, ஆசையாகக் கையை நீட்டினார். கொடுக்குமுன் சிங்காரவேலு ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இனிக்குதுடா."

ஒரு துளி சர்க்கரை போடவில்லை. கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பிறகு எப்படி இனிக்கும்? மூவரும் கூடிப் பேசி, டம்ளருக்கே சர்க்கரை வியாதி வந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். மெஷினை எடுத்தார்கள். முதலில் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் வாக்கு. நேற்று சாயங்காலத்திலிருந்து டம்ளர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கலியன் சத்தியம் செய்தான். ஸ்மூத்தியை ஊசியால் வலிக்காமல் குத்தி, ஒரு சொட்டு எடுத்துக் காட்டினார்கள். மெஷின் அதற்குத் தெரிந்த எண்களை எல்லாம் தாண்டிப் போய்க் கத்தியது.

அடுத்தது சாப்பிட்ட பிறகு பார்க்க வேண்டும். டம்ளருக்குள் இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டு, புரை ஏறிவிடுமோ என்று கொஞ்சம் தண்ணீரும் விட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் மறுபடியும் கத்தியது.

"இதைக் குடுத்தா அண்ணன் ஓசூருக்குப் போயிடுவாருடா. சக்கரை இருக்கறவங்க தினம் காலையில நடக்கணும்னு டாக்டர் சொன்னாரில்ல? இதை நடத்திக் கூட்டிட்டுப் போவோம். குறைஞ்சதும் குடுப்போம்" என்றான் சிங்காரவேலு.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் புதிதாக ஒரு டம்ளர் ஸ்மூத்தி பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வந்தது. கலியன் கையில் டம்ளர். பொன்னுரங்கம் அதற்கு விசிறிவிட்டான். சிங்காரவேலு முன்னால் நடந்து, வேகமாக வா, கையை வீசி வா என்று டம்ளரை ஊக்கப்படுத்தினான். மாசிலாமணிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்காவது குறைந்துவிடாதா என்ற ஆசையில் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். சுற்று முடிந்ததும் மெஷின் கத்தும். ஸ்மூத்தி மாட்டுக்குப் போகும். மாடு பளபளவென்று ஆனது.

மாசக் கடைசியில் தேன்மொழி வந்தாள். அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தவள், நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினாள். சர்க்கரை சரியான அளவில் இருந்தது. தொப்பையும் பாதியாகியிருந்தது. என்ன பண்ணினீங்க சித்தப்பா என்று கேட்டபோது, நாங்கள் ஒன்றும் பண்ணவில்லை, எல்லாம் டம்ளர் நடந்த நடை என்று சிங்காரவேலு உள்ளதை உள்ளபடி சொன்னான். அவளுக்குச் சந்தோஷத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. அப்பா இங்கேயே இருக்கட்டும் என்றாள். தன் கையாலேயே பழத்தை அடித்து, குச்சி செருகி, ஃப்ரிட்ஜ் கதவை மூடி, கல்லாக உறைந்த ஒரு ஐஸ் செய்தாள். அப்பா, ஞாயிற்றுக்கிழமையில் ஒண்ணு சாப்பிட்டுக்கலாம் என்று சொல்லிவிட்டு, மனநிம்மதியோடு ஊருக்குப் போனாள்.

ஞாயிறு மத்தியானம் ஐஸ் மாசிலாமணியின் கைக்கு வந்தது. அவர் கண்ணில் நீர் தளும்பியது. வாயைத் திறந்தார். சிங்காரவேலு பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"அண்ணே, இது இன்னும் நடக்கலியே."

அதுவும் நியாயந்தான் என்று அவருக்கே பட்டது. நால்வரும் கிளம்பினார்கள். மண்டையைப் பிளக்கிற வெயில். கலியன் முழங்கை வழியே சொட்டச் சொட்ட ஐஸை உயரத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தான். மாசிலாமணி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மைதானத்தைச் சுற்றி முடித்து, சிங்காரவேலு மெஷினை வைத்தான். முதன்முறையாக அது கத்தவில்லை. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

"சக்கரை சுத்தமா இல்லண்ணே. இப்ப தைரியமாச் சாப்பிடுங்க" என்று குச்சியை நீட்டினான் சிங்காரவேலு.

மாசிலாமணி குச்சியை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நக்கிப் பார்த்தார். தம்பிகளின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனாலும் மூத்தவர் இல்லையா, அவர் கண்ணுக்கு ஒரு குறை பட்டுவிட்டது.

"எல்லாம் சரிதான்டா. இதுக்கு உடம்பு இன்னும் விறைப்பா இருக்குதே. இன்னும் ரெண்டு சுத்து நடத்துங்க, தளர்ந்துடும்" என்றார்.

கலியன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.